ஆங்கிலப் ‘புட்சர்’ போலிஷில் யார்? புதிதாகப் படிப்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஆட்டை அறுப்பவரும் புட்சர், அறுத்த கறியைத் தராசில் வைத்து விற்பவரும் புட்சர். ஊரையே கொன்று குவித்த படைத்தலைவனும் ஆங்கிலத்தில் புட்சர்தான். கச்சேரியில் ஒருவர் பாட்டைக் கொலை செய்தால் அதற்கும் அதே சொல்லை வினையாக்கிவிடுகிறார்கள். இத்தனையையும் ஒரே சொல் சுமப்பதால்தான் ஆங்கிலம் வழியாகப் போலந்து மொழியான போலிஷைப் படிக்கிற தமிழர் இங்கே தடுக்கி விழுகிறார்கள். அகராதியைத் திறந்தால் ‘ழெஜ்னிக்’ என்று ஒரே விடை கிடைக்கும். எல்லா இடத்திலும் அதையே போட்டால் பாதி இடத்தில் வாக்கியம் சரியாக இருக்கும். மீதிப் பாதியில் கேட்பவர் திடுக்கிடுவார், அல்லது சிரிப்பார்.

இந்த ஒரு சொல்லைப் போலிஷில் எப்படிப் பிரித்து வழங்குகிறார்கள், எந்த இடத்தில் எந்தச் சொல்லை எடுக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். போலிஷ் சொற்களை ஒலிப்புக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறோம். நம் எழுத்தில் முழுமையாக அடங்காத ஒலிகளை மட்டும் முதலில் கவனித்துவிடுங்கள்.

முதல் வேலை: சொல்லைச் சொல்லிப் பழகுவது

‘ழெஜ்னிக்’ போலிஷ் எழுத்தில் ஆர், இஸட் என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். அதைப் பார்த்து ‘ர்ஸ’ என்று உச்சரிக்க வேண்டாம். அங்கே ‘ர’ ஒலி துளியும் கிடையாது. ‘ழ’ சொல்வதற்கு நாக்கை மடிப்பது போல மடித்துக்கொண்டு, ‘ஷ’வில் வரும் உரசலைத் தொண்டை அதிரும்படி வெளியே விடுங்கள். அதுதான் முதல் ஒலி. ஐரோப்பியர் பலருக்கு இந்த நாக்கு மடிப்பே வராது. நமக்கு அது பிறந்த வீட்டுச் சொத்து.

நடுவில் வரும் ‘ஜ்’ நம் ‘ஜ’ அளவுக்கு அழுத்தமானதல்ல. நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க, காற்று தடைபடாமல் உரசிப் போக வேண்டும். கடைசியில் உள்ள ‘னி’ கிட்டத்தட்ட ‘ஞி’. அழுத்தம் முதல் அசையில் விழும். எழுதும்போது நடுவில் உள்ள இஸட் எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போட வேண்டும். கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்தால் அது வேறு எழுத்து, வேறு ஒலி.

இன்னொரு விதியும் உண்டு. சொல்லின் இறுதியில் வரும் அதிர்வொலிகள் அதிர்வை இழந்துவிடும். அதனால் ‘மாஸாஷ்’ என்ற சொல்லின் கடைசியிலும் அதே ஆர்-இஸட் ஜோடிதான் இருக்கிறது, ஆனால் காதில் ‘ஷ்’ என்றே விழும்.

வேர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

ஆங்கிலச் சொல்லின் வேர் ஆடு. பழைய பிரெஞ்சில் கிடாவுக்கு ‘பூக்’ என்று பெயர். கிடா வெட்டுகிறவர் ‘பூஷியே’ ஆனார், நார்மானியர் வழியாக இங்கிலாந்துக்கு வந்து புட்சர் ஆனார். அதாவது சொல்லுக்குள் இருப்பது விலங்கு.

போலிஷ் சொல்லுக்குள் இருப்பதோ கத்தி. ‘ழெஸாச்’ என்றால் அறுப்பது, வெட்டுவது. அதிலிருந்து வந்ததுதான் ழெஜ்னிக். நம் ‘கசாப்பு’ம் அரபியில் வெட்டுவதைக் குறிக்கும் வேரிலிருந்து உருது வழியாக வந்த சொல் என்பதால், இந்த இடத்தில் தமிழர் ஆங்கிலத்தைவிடப் போலிஷுக்கு நெருக்கமாக நிற்கிறோம்.

கத்தி வேராக இருப்பதன் விளைவை அந்தக் குடும்பத்தில் பார்க்கலாம். ‘ழெஷ்’ என்றால் படுகொலை. ‘ழெஜ்னியா’ இறைச்சிக்கூடம். ‘ழெஸாக்’ யூத முறைப்படி விலங்கை அறுப்பவர். ‘ஒப்ழெஸானியெ’ என்றால் விருத்தசேதனம், சுற்றி அறுப்பது. ‘ழெஸிமியேஷெக்’ என்பது பழைய காலத்து முடிச்சவிழ்க்கி. இடுப்பில் தொங்கும் பணப்பையை அறுத்துக்கொண்டு ஓடுபவன் என்று பொருள். இவர்களுக்கு நடுவில் சாதுவாக ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது: ‘ழெஜ்பா’, சிற்பம். சிற்பி ‘ழெஜ்பியாஷ்’. கல்லையும் மரத்தையும் வெட்டுகிற கை என்பதால் அவரும் இதே வீட்டுப் பிள்ளை. அருங்காட்சியகத்தில் ‘ழெஜ்பா’ என்ற பலகையைப் பார்த்துக் கறிக்கடை என்று நினைத்துவிடாதீர்கள்.

அதே வேரில் ‘ழ்னோன்ச்’ என்று ஒரு வினையும் உண்டு. மரத்தை அறுப்பதற்கும் ஆகும், ஆனால் கொச்சையில் அதற்குப் படுக்கையறைப் பொருளும் உண்டு. புதிதாகப் படிப்பவர் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

‘கறி’க்கான போலிஷ் சொல்லை மனப்பாடம் செய்யவே வேண்டாம்: ‘மியென்ஸோ’. சமஸ்கிருத மாம்ஸத்தோடு ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தது. அந்த மாம்ஸம்தான் நம்மிடம் மாமிசமாக இருக்கிறது. ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மூக்கொலி கூட மாறாமல் நிற்கிறது.

அடுத்த படி: கை என்ன செய்கிறது என்று கேளுங்கள்

ஆங்கில வாக்கியத்தில் புட்சர் வந்ததும் அகராதிக்குப் போகாதீர்கள். அந்த ஆளின் கை என்ன செய்கிறது என்று கேளுங்கள். கொல்கிறதா, வெட்டிப் பிரிக்கிறதா, பதப்படுத்துகிறதா, விற்கிறதா, அல்லது எதையாவது கெடுக்கிறதா? போலிஷ் இந்த ஐந்தையும் தனித்தனியாகவே பார்க்கிறது.

கொல்கிறது, அதுவும் தொழிலாக என்றால் ழெஜ்னிக் சரி. விலங்கைக் கொல்லும் செயலுக்குச் சட்டத்திலும் செய்தியிலும் ‘ஊபுய்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். அது நடக்கும் இடம் ழெஜ்னியா அல்லது ‘ஊபொய்னியா’. மனிதக் கொலைக்கு ‘ஸாபுய்ஸ்த்ஃபோ’ என்று முற்றிலும் வேறு சொல் இருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்டால் கோழிப்பண்ணைச் செய்தி குற்றச் செய்தியாகிவிடும்.

இதற்கான வினை ‘ஊபிச்’. பன்றியை ஊபிச் என்றால் அறுப்பது. நுரையை ஊபிச் என்றால் முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடிப்பது. சமையல் குறிப்பில் இந்த வினையைக் கண்டு யாரும் பதறத் தேவையில்லை. கிராமத்தில் குளிர்காலத்தில் வீட்டுப் பன்றியை அறுத்து, உறவும் அக்கம்பக்கமும் கூடித் தொத்திறைச்சி செய்யும் நாளுக்கு ‘ஷ்வின்யோபீச்சே’ என்று தனிப் பெயரே உண்டு. அன்றைக்கு ரத்தத்தையும் பக்வீட் அல்லது பார்லி நொய்யையும் குடலில் அடைத்து ‘காஷான்கா’ செய்வார்கள். ஆங்கிலத்தில் “அவர்கள் பன்றியை புட்சர் செய்தார்கள்” என்று வந்து, பின்னணி கிராமத்து வீடாக இருந்தால் இந்தச் சொல்லே பொருத்தம்.

‘ஷ்லாக்டோவாச்’ என்றும் ஒரு வினை உண்டு. ஜெர்மனிலிருந்து வந்தது, அறுப்பது என்றே பொருள். போலந்து வரலாற்றில் அடிக்கடி வரும் ‘ஷ்லாக்டா’ என்ற சொல் பழைய பிரபு வர்க்கத்தின் பெயர், வம்சத்தைக் குறிக்கும் வேறொரு ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒற்றுமையை நம்பி, பிரபுக்கள் கசாப்புக்காரர்கள் என்று கதை கட்டாதீர்கள்.

வெட்டிப் பிரிக்கிறது என்றால் சொல் ‘ரோஸ்பியூர்’. அறுத்த உடலைத் துண்டம் துண்டமாகப் பிரிக்கும் வேலை இது. இறைச்சி ஆலைகளின் வேலை விளம்பரங்களில் ‘ரோஸ்பியெராச்-விக்ராவாச்’ என்று வரும். எலும்பிலிருந்து கறியைப் பிரித்து, துண்டுகளாக வெட்டியெடுப்பவர். ஆங்கில மொழிபெயர்ப்பில் அதே விளம்பரம் புட்சர் என்று நிற்கும். அதை நம்பி விண்ணப்பித்தவர் விலங்கை அறுக்க நேருமோ என்று பயப்பட வேண்டாம், இந்த வேலை குளிரூட்டிய அறையில் மேசைக்கு முன்னால் நடப்பது.

ரோஸ்பியூர் போலந்துக்காரர் காதில் வெறும் தொழிற்சொல்லாக விழாது. 1772, 1793, 1795 ஆகிய மூன்று முறை ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் (1793இல் ஆஸ்திரியா சேரவில்லை) நாட்டைக் கூறுபோட்டன. அந்தப் பிரிவினைகளுக்குப் பள்ளிப் புத்தகத்தில் உள்ள பெயரும் ரோஸ்பியூர்தான். வரைபடத்தின் மேல் கத்தி வைத்த நிகழ்வுக்குக் கறிக்கடைச் சொல்லே நிலைத்திருக்கிறது.

பதப்படுத்துகிறது என்றால் அவர் ‘மாஸாஷ்’ அல்லது ‘வென்ட்லினியாஷ்’. புகைபோடுவதற்கான வினையிலிருந்து ‘வென்ட்லினி’ என்ற சொல் வந்தது. புகையூட்டிய, உப்பிட்ட, வேகவைத்த இறைச்சி வகைகள் எல்லாம் அதில் அடங்கும். அவற்றைச் செய்யும் பட்டறை ‘மாஸார்னியா’. சிலேசியப் பகுதியில் மாஸாஷை ‘மாஸோஷ்’ என்பார்கள். ஆங்கிலத்தில் இவருக்கும் பெரும்பாலும் புட்சர் என்றே எழுதிவிடுவார்கள். ஆனால் போலிஷில் மாஸாஷ் என்றதும் மனதில் வருவது ரத்தம் அல்ல, புகை வாசனையும் பூண்டும்தான்.

விற்கிறது என்றால் ஆளைச் சொல்வதைவிட இடத்தைச் சொல்வதே வழக்கம்: ‘ஸ்க்லெப் மியென்ஸ்னி’, கறிக்கடை. பேச்சில் ‘ஸ்க்லெப்’ விழுந்துவிடும், வெறும் ‘மியென்ஸ்னி’ போதும். பேரங்காடிக்குள் இருக்கும் கறிப்பகுதி ‘ஸ்டோய்ஸ்கோ மியென்ஸ்னே’. அங்கே நிற்பவர் விற்பனையாளர்தான், அவரை ழெஜ்னிக் என்று அழைக்க மாட்டார்கள்.

வேற்றுமை: தமிழ் கைகொடுக்கும் இடம்

ஆங்கிலத்தில் கறிக்கடைக்குப் போவதைச் சொல்ல புட்சருக்குப் பின்னால் ஒரு மேற்குறியும் எஸ் எழுத்தும் சேர்க்க வேண்டும். புட்சருடைய கடை என்பதில் கடை மறைந்துவிட்டது. போலிஷில் அந்த வித்தையே இல்லை. ‘டோ ழெஜ்னிக்கா’ என்றால் கறிக்கடைக்காரரிடம் (போகிறேன்). ‘ஊ ழெஜ்னிக்கா’ என்றால் கறிக்கடைக்காரரிடம் (வாங்கினேன்). “பாய்கிட்ட போறேன், பாய்கிட்ட வாங்கினேன்” என்று நாம் ஆளை வைத்துச் சொல்வது போலவேதான். போவதற்கும் இருப்பதற்கும் முன்னால் வரும் சொல் மட்டும் மாறுகிறது.

கடையை வைத்துச் சொன்னால் ‘டோ மியென்ஸ்னெகோ’ (கறிக்கடைக்கு), ‘வ் மியென்ஸ்னிம்’ (கறிக்கடையில்). ஒருவருடைய தொழிலைச் சொல்லும்போது ‘யெஸ்ட் ழெஜ்னிக்கியெம்’ என்று கருவி வேற்றுமை வரும். பன்மையில் கடைசி ‘க்’ மாறி ‘ழெஜ்னீட்ஸி’ ஆகும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ‘ழெஜ்னிக்கி’ என்று போட்டால் மனிதரை அஃறிணையாக்கியது போல இருக்கும். உயர்திணை அஃறிணை அறிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தனிப் பாடம் வேண்டாம்.

கடை வாசலில்

சொல்லை அறிந்தவர் கறியும் வாங்க வேண்டும். போலந்தில் புகையூட்டிய இறைச்சியைக் கிராமில் கேட்பதில்லை, ‘டெக்கா’வில் கேட்பார்கள். ஒரு டெக்கா என்பது 10 கிராம். இருபது டெக்கா என்றால் 200 கிராம், இருவருக்கு இரண்டு நாள் ரொட்டிக்குப் போதும். பச்சைக் கறிக்கு அரைக் கிலோ, ‘பூவ் கீலோ’ என்பது வழக்கம். கேட்கும் வாக்கியம் ‘போப்ரோஷெ’ என்று தொடங்கும், அதன் பின்னால் அளவு, அதன் பின்னால் பொருள். விற்பவர் தராசைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் கூட இருக்கலாமா?” என்று நிச்சயம் கேட்பார். ‘மோழெ பிச்’ (இருக்கலாம்) என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் நன்றி சொல்வார்கள்.

கறியின் பெயர்களில் ஆங்கிலத்தை நம்ப வேண்டாம். ‘வியெப்ஷோவீனா’ பன்றி, ‘வோவோவீனா’ மாடு, ‘சியெலென்சீனா’ கன்று, ‘பாரானீனா’ செம்மறி, ‘யாக்னியென்சீனா’ இளஞ்செம்மறி. நம் ஊர் ஆங்கிலத்தில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு. போலந்தில் பாரானீனா என்பது செம்மறி மட்டுமே, அதுவும் சாதாரணக் கடையில் அரிது. வெள்ளாட்டுக் கறி ‘கோஜ்லீனா’, அது இன்னும் அரிது. பெயர் எழுதாத ‘மியெலோனெ’ (கொத்துக்கறி) பெரும்பாலும் பன்றி, அல்லது பன்றியும் மாடும் கலந்தது. இரண்டில் ஒன்றைத் தவிர்ப்பவர் விலைச்சீட்டைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

துண்டுகளில் நான்கு தெரிந்தால் குழம்பு வைத்துவிடலாம்: ‘வோபாட்கா’ முன்தொடை, ‘கார்குஃப்கா’ கழுத்து, ‘ஸ்ஹாப்’ முதுகுக்கறி, ‘ழெபெர்கா’ விலா. எலும்போடு என்றால் ‘ஸ் கோஷ்சியோம்’, எலும்பில்லாமல் என்றால் ‘பெஸ் கோஷ்சி’. ஸ்ஹாப்பைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் கொழுப்பில்லாததால் நார்நாராக வறண்டுவிடும், அது மெல்லியதாகத் தட்டிப் பொரிப்பதற்கான துண்டு. ‘சோப்போட்’ ஊர்ப் பெயரோடு வரும் ‘போலென்ட்விட்ஸா’ என்ற புகைக்கறியும் ஏமாற்றும். போலென்ட்விட்ஸா என்றால் உண்மையில் மிக மென்மையான உள்முதுகுத் துண்டு. அந்தப் பெயரில் விற்கும் புகைக்கறியோ ஸ்ஹாப்பில் செய்தது.

இன்னொன்று: ஞாயிறு காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். 2018 மார்ச் முதல் போலந்தில் ஞாயிற்றுக்கிழமை வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பெரும்பாலான ஞாயிறுகளில் கடைகள் மூடியே கிடக்கும். ஞாயிற்றுக் குழம்புக்குச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

கொடுமை என்ற பொருளில் வரும்போது

மனிதரைக் கொன்று குவித்தவரைப் புட்சர் என்று ஆங்கிலம் அழைக்கும் வழக்கம் பழையது. 1746இல் கலோடன் போருக்குப் பின் ஸ்காட்லாந்தில் நடத்திய கொடுமைகளுக்காகக் கம்பர்லாந்து பிரபு இந்தப் பட்டம் பெற்றார். போலிஷில் இத்தகைய இடத்தில் இரண்டு சொற்கள் போட்டியிடும்: ழெஜ்னிக், ‘காட்’. காட் என்றால் தூக்கிலிடுபவர், மரண தண்டனையை நிறைவேற்றுபவர். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்து வார்சாவில் நாஜிகளின் எஸ்எஸ் படைக்கும் காவல்துறைக்கும் தலைவராக இருந்த ஃப்ரன்ஸ் குட்செராவை 1944 பிப்ரவரி 1 அன்று போலந்து தலைமறைவு இயக்கம் சுட்டுக் கொன்றது. அவரைப் போலிஷில் ‘வார்சாவின் காட்’ என்பார்கள். பிரெஞ்சு நகரமான லியோனில் நாஜி ரகசியக் காவல்துறைத் தலைவராக இருந்த கிளாவுஸ் பார்பியை லியோனின் ழெஜ்னிக் என்றும் எழுதுவார்கள், லியோனின் காட் என்றும் எழுதுவார்கள். அதிகாரத்தில் உட்கார்ந்து ஆணையிட்டுக் கொன்றவருக்குக் காட் பொருந்தும். வெறியோடு வெட்டிச் சாய்த்தவருக்கு ழெஜ்னிக். ஒருவருக்கு ஏற்கெனவே நிலைத்த பட்டம் இருந்தால் அதையே எடுங்கள், புதிதாக மொழிபெயர்க்க வேண்டாம்.

‘ஒப்ராஃப்ட்ஸா’வும் இங்கே வரும். விலங்கின் தோலை உரித்துச் சுத்தம் செய்யும் தொழிலிலிருந்து பிறந்த சொல், இன்று சித்திரவதை செய்பவன் என்ற பொருளே மிச்சம். கறிக்கடைக்காரரை மரியாதையாக அழைப்பதாக நினைத்து இதைச் சொன்னால் விபரீதம்.

படுகொலைக்கு ஆங்கிலம் பிரெஞ்சுவழிச் சொல்லான மசேகர் என்பதை வைத்திருக்கிறது. போலிஷ் தன் கத்தி வேரிலேயே ‘ழெஷ்’ என்கிறது: 1846இன் கலீசிய ழெஷ், 1943இன் வோலின் ழெஷ், 1944 ஆகஸ்டில் வார்சாவின் வோலா பகுதியில் நடந்த ழெஷ். இவை இன்றும் ஆறாத காயங்கள். புட்சர் என்ற சொல்லோடு உறவு இருக்கிறதே என்று இவற்றை ஆங்கிலத்திலோ தமிழிலோ கசாப்பு என்று எழுதுவது தவறு. ‘படுகொலை’ என்று எழுதுங்கள்.

இந்தப் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது. போலிஷில் ‘ப்ராகா’ என்றால் செக் நாட்டுத் தலைநகர். ப்ராகா என்றால் வார்சாவில் விஸ்துலா ஆற்றின் வலக்கரைப் பகுதியும்தான். ‘ப்ராகாவின் ழெஷ்’ என்பது 1794 நவம்பர் 4 அன்று ரஷ்யத் தளபதி சுவோரவின் படை வார்சாவின் அந்தப் பகுதியில் நிகழ்த்திய படுகொலை. ‘ப்ராகாவின் ழெஜ்னிக்’ என்பதோ செக் தலைநகரை ஆண்ட நாஜி ஹைட்ரிஷ். ஊர் ஒன்றல்ல, நூற்றாண்டும் ஒன்றல்ல. இயந்திர மொழிபெயர்ப்பு இங்கே அடிக்கடி வழுக்கும்.

விளையாட்டில் இது கொஞ்சம் இலேசாகிறது. 1983இல் மாரடோனாவின் கணுக்காலை உடைத்த பில்பாவோ கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர் கோய்கோச்சியாவை ஆங்கிலப் பத்திரிகைகள் பில்பாவோவின் புட்சர் என்றன. போலிஷிலும் பில்பாவோவின் ழெஜ்னிக். பியெஷ்சாடி மலைகளில் இருவர் இருவராக ஓடும் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் ‘பியெக் ழெஜ்னிக்கா’, அதாவது கசாப்புக்காரர் ஓட்டம் என்று பெயர். முடித்தவர்களின் கால்களைப் பார்த்தால் பெயரில் மிகையில்லை என்று தெரியும்.

கடைத்தெருவிலிருந்து களேபரத்துக்கு

இரு மொழிகளும் ஒரே பாதையில் நடந்த இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘ஷாம்பிள்ஸ்’ என்றால் இன்று அலங்கோலம். அதன் தொடக்கம் ஒரு சிறு மேசை. கறியை வைத்து விற்கும் பலகை, பிறகு கறிச்சந்தை, பிறகு வெட்டுமிடம், பிறகு ரத்தக்களரி, கடைசியில் வெறும் அலங்கோலம். யார்க் நகரில் ஷாம்பிள்ஸ் என்ற பழைய கறித்தெரு இன்னும் இருக்கிறது. போலிஷில் கறிக்கடைக் கொட்டகை ‘யாட்கா’. அதுவும் ரத்தக்களரி என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது, ஆனால் அலங்கோலம் வரை இறங்கவில்லை, வெட்டுக்குத்தோடு நின்றுகொண்டது. வ்ரோட்ஸ்வாஃப் நகரின் ‘ஸ்டாரெ யாட்கி’ தெருவில் இன்று கலைக்கூடங்கள் இருக்கின்றன. வாசலில் ஆடு, பன்றி, வாத்து என்று வெண்கலச் சிலைகள், அங்கே அறுக்கப்பட்ட விலங்குகளின் நினைவாக.

1611இன் ஆங்கில விவிலியத்தில் பவுல், ஷாம்பிள்ஸில் விற்பதைத் தின்னுங்கள் என்கிறார். 1632இன் போலிஷ் விவிலியத்தில் அதே வசனத்தில் இருப்பது யாட்கி. பழைய நூல்களைப் படிக்கும்போது இரண்டு சொல்லையும் கறிக்கடை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய பொருளைப் போட்டால் திருத்தூதர் அலங்கோலத்தில் சாப்பிடச் சொன்னதாகிவிடும்.

கெடுப்பது: ழெஜ்னிக் வராத இடம்

பிழை மிகுதியாக நடப்பது இங்கேதான். பாட்டை, பெயரை, மொழியை, வேலையைக் கெடுப்பதை ஆங்கிலம் புட்சர் செய்தல் என்கிறது. போலிஷ் இதற்கு ழெஜ்னிக்கைக் கூப்பிடுவதே இல்லை. காரணம் எளிது. கத்தி வேரில் பிறந்த சொல் வன்மையைக் காட்டுமே தவிரத் திறமைக்குறைவைக் காட்டாது. போலிஷ் மனதில் கசாப்புக்காரர் தன் வேலையில் கெட்டிக்காரர்.

மொழியைக் கெடுத்தால் ‘காலெச்சிச்’, முடமாக்குவது, காயப்படுத்துவது. நாம் “தமிழைக் கடித்துத் துப்புகிறான்” என்று சொல்லும் இடம். பெயரைக் கெடுத்தால் ‘ப்ஷெக்ரெஞ்சிச்’, முறுக்கித் திருப்பிவிடுவது. உங்கள் பெயருக்கு முதல் வாரத்திலேயே இது நடக்கும் என்பதால் இந்த வினை சீக்கிரம் பயன்படும். வேலையைக் கெடுத்தால் ‘ஸ்பார்ட்டாச்சிச்’. ‘பார்ட்டாச்’ என்பவர் முற்காலத்தில் கைவினைஞர் சங்கத்தில் சேராமல் வெளியில் தொழில் செய்தவர். சங்கத்தார் அவருக்கு ஒட்டிய பழி இன்றும் ஒட்டியிருக்கிறது.

ஒரே விலக்கு மருத்துவர். வலிக்க வலிக்கப் பல் பிடுங்கியவரையும், தழும்பு விகாரமாகத் தைத்தவரையும் போலந்துக்காரர் ழெஜ்னிக் என்று திட்டுவதுண்டு. அங்கேயும் சொல்வது கையின் முரட்டுத்தனத்தை. அறிவே இல்லாத வைத்தியர் என்று சொல்ல ‘கோனோவாவ்’ இருக்கிறது, பழைய காலத்தில் குதிரை வைத்தியர்.

ஆங்கிலத்துக்கே உரிய சில

லண்டன்காரர் ‘புட்சர்ஸ்’ ஒன்று பார்க்கட்டுமா என்றால் கறி கேட்கவில்லை. புட்சரின் கொக்கி ‘ஹுக்’, அது ‘லுக்’கோடு எதுகை, எனவே ஒரு பார்வை. போலிஷில் ‘ழூச்சிச் ஒக்கியெம்’, கண்ணை வீசுவது. புட்சரின் நாய் போலத் திடம் என்பதற்குப் போலிஷில் நாய் வேண்டாம், ‘மீன் போல ஆரோக்கியம்’ என்பார்கள். அமெரிக்க ரயில்களில் மிட்டாயும் செய்தித்தாளும் விற்ற பையன்களும் புட்சர்கள்தான். சிறுவன் எடிசன் 1859இல் தொடங்கிப் போர்ட் ஹியூரன்–டெட்ராய்ட் ரயிலில் அந்த வேலை செய்தார். புட்சர் பறவை நம் கீச்சான், பிடித்த பூச்சியை முள்ளில் குத்தித் தொங்கவிடும். போலிஷில் அது ‘ஜியெழ்பா’, கசாப்பின் வாடையே இல்லை.

இணையத்தில் பழகி நம்பவைத்துப் பணம் பறிக்கும் மோசடி பற்றிய செய்திகளில் ‘பிக் புட்சரிங்’ வரும். சீனத்தில் பன்றி அறுப்பைக் குறிக்கும் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. ஏமாந்தவரைப் பன்றி என்பது அவமானம், அதனால் புகார் கொடுக்கவே தயங்குவார்கள் என்று 2024 டிசம்பரில் இன்டர்போல் இந்தப் பெயரைக் கைவிடச் சொன்னது. ஷ்வின்யோபீச்சே என்று போட்டுவிடாதீர்கள். போலிஷ் வாசகர் விருந்துக்கு அழைப்பு என்று நினைப்பார்.

கைப்பழக்கத்துக்குச் சில

“புட்சர்ஸ் மூடியிருந்தது” என்றால் இடம், எனவே மியென்ஸ்னி. “கிறிஸ்துமஸுக்கு முன் இரண்டு பன்றிகளைப் புட்சர் செய்தார்கள்” என்றால் ஊபிச். “ஆசிரியர் என் கட்டுரையைப் புட்சர் செய்துவிட்டார்” என்பதில் நின்று யோசியுங்கள். வெட்டிக் குறைத்தார் என்றால் ‘போச்சியோன்ச்’, கெடுத்தார் என்றால் ‘ஸெப்ஸூச்’. “டெரி புட்சர் பந்தைத் தலையால் முட்டினார்” என்பதில் புட்சர் குடும்பப்பெயர், தொடவே கூடாது. இனி எதிர்த்திசை: தேர்வு எழுதிவிட்டு வந்த மாணவர் “ஆலெ ழெஜ்னியா!” என்றால் இறைச்சிக்கூடம் எங்கே என்று தேட வேண்டாம், கேள்வித்தாள் பிழிந்துவிட்டது என்கிறார்.

கடைசியாக, முழுக் கோழியை வெட்டித் தரச் சொல்லும் வாக்கியம். ரோஸ்பியூருக்கான வினை ‘ரோஸெப்ராச்’, கோழியை ரோஸெப்ராச் செய்ய முடியுமா என்று கேட்கலாம், தவறில்லை. ஆனால் பக்கத்தில் ‘ஷியெ’ என்ற சிறு சொல் தவறி விழுந்து, கோழி விடுபட்டுப் போனால், கடைக்காரரிடம் உடையைக் கழற்றச் சொன்னதாகிவிடும். பழகும் வரை ‘போஜியெலிச்’ (பிரித்துத் தர) என்று கேளுங்கள். எத்தனை துண்டு என்பதை விரலால் காட்டலாம்.